அப்பிள் தோட்டத்துக்கு நான் வராத காரணம்

யேசு, மரி, சூசை துணை

கொட்டாஞ்சேனை,
2018 ஆடி மாதம், ஞாயிறு பூசை முடிந்த பின்.

இத்தாலி தேசத்து மிலான் பட்டினத்தில் ஒரு மூத்த சீமாட்டியின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு, மற்றக் கையால் எங்கள் குடும்பத்தையும் இவ்வளவு காலம் விழவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் என் பாசமுள்ள செலீன் அக்காவின் சமுகத்துக்கு, ஒரே தம்பி இராஜநாயகம் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இறைவன் கிருபையால் இவ்விடம் நானும் என் மனைவி மாக்ரெட்டும் தேக சௌக்கியம். எனது முழங்கையில் ஏற்பட்ட சிராய்ப்பு நன்றாக ஆறிவிட்டது. அது எப்படி ஏற்பட்டது என்பதைக் கீழே விபரமாக எழுதியுள்ளேன். பதற வேண்டாம்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று நீங்கள் யோசிப்பீர்கள். போனில் நான் ‘அக்கா’ என்று வாயெடுக்க முன்னமே நீங்கள் சாப்பிட்டியா என்று கேட்டு, மெலிந்துபோனாய் என்று கவலைப்பட்டு, போனைத் திருப்பச் சொல்லி, பின்னால் சுவரில் தெரிகிற ஈரக்கறைக்கு என்ன செய்யப்போகிறாய் என்று மாக்ரெட்டைக் கூப்பிட்டு விசாரித்து, கடைசியில் எனக்கு ஆசீர்வாதம் சொல்லி வைத்துவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். எந்த மாதம் புறப்படுகிறாய் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் போனை மாக்ரெட்டின் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனதை நீங்கள் கவனித்திருக்கலாம். எங்கள் வீட்டில் கிணறு இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே கடிதம்.

நீங்கள் அறிந்தபடி, கோட்டையில் அந்தப் பழைய ஒபிஸ் கட்டடத்தின் லிப்டுக்குள் இளந்தாரியாய் ஏறிய நான் தலை நரைத்த பிறகுதான் வெளியே வந்தேன். இரும்புக் கதவை இழுத்து மூடுவதும், பிடியைத் திருப்புவதும், மாடியின் தரையும் லிப்டின் தரையும் ஒரே மட்டமாய் வர நிறுத்துவதும் என் வேலை. போன வருஷம் முதலாளிமார் அதைக் கழற்றிவிட்டுப் புது லிப்ட் பூட்டினார்கள். பொத்தானை அமத்தினால் அது தானே போகும், தானே நிற்கும், எந்த மாடி என்று ஒரு பெண்பிள்ளையின் குரலில் இங்கிலீசில் சொல்லும். சனம் பழகும்வரை என்னையும் உள்ளே நிற்கச் சொன்னார்கள். அந்தப் பெண்பிள்ளை ‘தேர்ட் ஃப்ளோர்’ என்று சொல்ல, நானும் பழக்கதோஷத்தில் ‘மூன்றாம் மாடி’ என்று சொல்ல, நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிச் செபமாலை சொல்லுகிற மாதிரி இருந்தது. ஏறி நின்ற ஒரு கணக்காளர் ‘ஆமென்’ என்றுகூடச் சொன்னார். சனம் கெதியாய்ப் பழகிவிட்டது. எனக்கு ஒரு கேக் வெட்டி, கை குலுக்கி, அந்த லிப்டிலேயே கீழே அனுப்பிவைத்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். மரியாதையாய்த்தான் அனுப்பினார்கள்.

அதுக்குப் பிறகு வீட்டில நான் பட்ட பாட்டை விட மாக்ரெட் பட்ட பாடுதான் பெரிசு. நான் எப்பவும் கதவடியிலேயே நிக்கிறனாம். ஆர் வந்தாலும் கதவைத் திறந்து, எங்க போகவேணும் எண்டு கேக்கிறனாம். சீனி கேட்டு வந்த பக்கத்து வீட்டு மனுசியை நான் அப்பிடிக் கேட்டு, அவ கோபிச்சுக்கொண்டு போயிட்டா. சரி, வேலை தேடுவம் எண்டு ஒருகொடவத்தையில ஒரு பண்டகசாலைக்குப் போனன். முந்தி மூட்டை தூக்க ஆள் எடுத்த இடம். இப்ப மூட்டையை மிசின் தூக்குது, அதை ஓட்ட லைசென்ஸ் இருக்கோ எண்டு கேட்டினம். இல்லை எண்டன். ஒரு செக்கியூரிட்டிக் கொம்பனியில வயது கூட எண்டினம். ஒரு சுப்பர்மார்க்கெட்டில கொம்பியூட்டர் தெரியுமோ எண்டு கேட்டினம், தள்ளுவண்டில் அடுக்கிற வேலைக்கு. ஒவ்வொரு இடத்திலயும் என்னை உள்ளுக்கு விட்ட லிப்டும் தானாய் ஓடுற லிப்ட்தான்.

இப்பிடி நான் கிடந்து உலைஞ்ச நேரத்தில நீங்கள் செய்த உதவியை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன், அக்கா. அந்தச் சீமாட்டியிட்டை அழுதீங்களோ, அவவுக்கு விருப்பமான சூப்பை வைச்சுக் குடுத்தீங்களோ எனக்குத் தெரியாது. அவவின்ர சொந்தக்காரர் ஒருத்தரின்ர அப்பிள் தோட்டத்தில பழம் ஆயுற வேலைக்கு எனக்கு ஒரு இடம் பிடிச்சீங்கள். என்ர தம்பி மரத்தில ஏறினால் அணில் எண்டு அவைக்குச் சொன்னீங்களாம். அக்கா, இதை மட்டும் நான் சொல்லத்தான் வேணும். சின்ன வயதில நான் ஏறினது மரத்தில இல்லை, உங்கட தோளில. மரத்தில ஏறினது நீங்கள். பாசம் கூடினால் ஞாபகம் மாறிப்போகும் போல.

நீங்கள் சொன்னபடி மட்டக்குளியில வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஸமீமா எண்ட அந்தப் பிள்ளையிட்டைப் போனன். நல்ல நேர்மையான பிள்ளை. வீட்டு முன்னறையைத்தான் ஒபிஸ் ஆக்கி வைச்சிருக்கிறா. போன உடன அவ எனக்கு விளங்கப்படுத்தினா, தோட்டத்து ஒபிசில இருந்து ஒரு பொம்பிளை கொம்பியூட்டரில வந்து கேள்வி கேப்பா, தான் பாஷை மாத்திச் சொல்லுவன், என்ன தொழில் தெரியும் எண்டு கேட்டால் ஒண்டும் தெரியாது எண்டு சொல்லவேணும், இது தொழில் தெரியாத ஆக்களுக்கு ஒதுக்கின இடம் எண்டு. நானும் தலையாட்டினன். மாக்ரெட்டும் வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தவ. இவ்வளவு வருஷமாய் நீங்கள் வீட்டில சொல்லுறதைத்தானே அங்கயும் சொல்லப்போறீங்கள், உங்களுக்கு என்ன கஷ்டம் எண்டு கேட்டா.

அந்தப் பொம்பிளை கொம்பியூட்டரில வந்தா. சிரிச்ச முகம். என்ன தொழில் எண்டு கேட்டா. ஸமீமா என்னைப் பாத்தா. மாக்ரெட் என்னைப் பாத்தா. அக்கா, உண்மையைச் சொல்லுறன், ஒண்டும் தெரியாது எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தனான். ஆனால் வாழ்க்கை முழுக்க ஒரு வேலையைச் செய்துபோட்டு, முன்பின் தெரியாத ஒரு மனுசியின்ர முகத்தைப் பாத்து ஒண்டும் தெரியாது எண்டு சொல்ல எனக்கு வரேல்ல. ‘லிப்ட் ஒப்பரேட்டர்’ எண்டு சொல்லிப்போட்டன். ஸமீமா அதை வேற மாதிரி மாத்திச் சொல்லிச் சமாளிச்சிருப்பா. ஆனால் ஒப்பரேட்டர் எண்ட சொல் இத்தாலிக்காரருக்கும் கிட்டத்தட்ட அப்பிடித்தானாம். மாத்த ஒண்டும் இருக்கேல்ல. அந்தப் பொம்பிளை சந்தோஷமாய் அதை எழுதிப்போட்டு, அப்ப இவர் தொழில் தெரிஞ்சவர், அவைக்கு வேற பட்டியல், சேர்டிபிகேட் எங்க எண்டு கேட்டா. பிடியைத் திருப்பிறதுக்கு எனக்கு ஆர் சேர்டிபிகேட் தந்தது? தொழில் தெரியாதவன் எண்டு போக எனக்குத் தொழில் தெரிஞ்சு போச்சு, தெரிஞ்சவன் எண்டு போக அந்தத் தொழில் காணாமல் போச்சு. ரெண்டு பட்டியலுக்கும் நடுவில, ரெண்டு மாடிக்கு நடுவில நிண்ட லிப்ட் மாதிரி நிண்டன்.

ஸமீமா விடேல்ல. கை கால் எல்லாம் ஆட்டி என்னவோ கதைச்சா. பிறகுதான் சொன்னா, ‘அண்ணன், நீங்க சும்மா ஒரு பெட்டிக்குள்ள நிண்டவர் எண்டு சொல்லியிரிக்கன். கோவிச்சிக்காதீங்க’ எண்டு. கோவிக்கேல்ல. யோசிச்சுப் பாத்தால் அதுவும் உண்மைதான். அந்தப் பொம்பிளையும் சிரிச்சுப்போட்டு, சரி, ஏணியில ஏறிப் பழம் பறிக்கிறதை வீடியோ எடுத்து அனுப்புங்கோ, முதலாளி பாத்து முடிவெடுப்பார் எண்டா.

வீடியோ எடுக்கிற நாள் வந்தது. ஸமீமா வீட்டுப் பின்வளவில ஒரு பெரிய மாமரம். பழம் இல்லாத காலம் எண்டபடியால் புறக்கோட்டையில அப்பிள் வாங்கி வந்து, கொப்பு கொப்பாய் நூலில கட்டித் தொங்கவிட்டிருந்தா. மதிலுக்கு அங்கால போன ஒரு கிழவர் அதைக் கண்டு நிண்டு, சைக்கிளை விட்டு இறங்கி, குருசு வரைஞ்சுபோட்டுப் போனார். எங்களோட வேற ஆக்களும் வந்திருந்தினம், எல்லாரும் இளம் ஆக்கள். அதில ஒருத்தன்தான் அழகுமுத்து. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். முப்பது வயது தாண்டியிருக்கும். ஊரில பெண்சாதி இராமலெட்சுமியும் பிள்ளைகளும் லயத்து வீட்டில இருக்கினம். அவன் வெள்ளவத்தையில கட்டுற மாடி வீட்டு வேலையில இருக்கிறவன், அண்டைக்கு லீவு போட்டு வந்தவன். அவனுக்கு இடம் எண்டு ஒண்டும் பிடிச்சு வைக்கேல்ல. எங்கயாவது ஆள் தேவைப்பட்டால் தன்ர பேரையும் போடச் சொல்லிக் கேக்க வந்தவன். இதைக் கவனமாய் வாசியுங்கோ, அக்கா, இவன்தான் இந்தக் கடிதம் முழுக்க.

எனக்கு முதுகில ஒரு சந்தைக் கூடையை உடுக்கிற சாரத்தால கட்டிவிட்டினம். மாக்ரெட் குடையோட கீழ நிண்டு அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டு நிண்டா. ஏறினன். நல்லாத்தான் ஏறினன், ஸமீமாவின்ர தங்கச்சி போனில எடுத்துக்கொண்டே நிண்டவ. முதல் அப்பிளைப் பறிச்சு முதுகுக் கூடைக்குள்ள போடத் திரும்பினன் பாருங்கோ, அப்பதான் கீழ கண் போச்சு. அக்கா, வாழ்நாள் முழுக்க மேல போய் வந்தவன் நான். ஆனால் நாலு பக்கமும் மூடின பெட்டிக்குள்ள நிண்டு போனதால மேல போனதை ஒரு நாளும் கண்ணால கண்டதில்லை. அண்டைக்குத்தான் கண்டன். கை ரெண்டும் தானாய்க் கொப்பைக் கட்டிப் பிடிச்சிது. கால் தானாய் உதறிச்சுது. உதறின உதறலில ஏணி போய் விழுந்தது. அதில பட்டதுதான் முழங்கைச் சிராய்ப்பு.

கீழ நிண்ட எல்லாரும் புத்தி சொல்லத் தொடங்கிச்சினம். குதி எண்டான் ஒருத்தன். குதிக்காதை எண்டான் இன்னொருத்தன். மதிலுக்கு மேலால எட்டிப் பாத்த ஒரு அம்மே சிங்களத்தில புத்த பகவானைக் கூப்பிட்டா. இறங்குங்கோ, சனம் பாக்குது எண்டு மாக்ரெட் பல்லைக் கடிச்சுக்கொண்டு சொன்னா, என்னவோ நான் விருப்பத்தில அங்க இருக்கிற மாதிரி. நான் கண்ணை மூடிக்கொண்டு, அந்தோனியாரே, இத்தாலியும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், நிலத்தை மட்டும் தாரும் எண்டு வேண்டினன்.

கண்ணைத் திறந்தால் முன்னால அழகுமுத்துவின்ர முகம். ஏணி இல்லாமல் ஏறி வந்திருக்கிறான்.

‘அண்ணே, கீழ பாக்காதீங்க. என் மூஞ்சியப் பாருங்க’ எண்டான். ‘லிப்டு ஓட்டுனீங்களாமே. எப்புடிண்ணே அத சரியா மட்டத்துக்கு நிப்பாட்டுவீங்க?’

அக்கா, அந்தக் கேள்வியை என்னட்டை ஒருத்தரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்டதில்லை. நான் சொல்லத் தொடங்கினன். மாடி வர முன்னமே பிடியைத் தளத்த வேணும், ஆள் கூட ஏறினால் ஒரு மாதிரி, குறைய ஏறினால் இன்னொரு மாதிரி, மழை நாளில சனம் குடையோட ஏறினால் பாரம் வேற எண்டெல்லாம் சொல்லிக்கொண்டு போறன். அவன் அப்பிடியாண்ணே, அப்பிடியாண்ணே எண்டு கேட்டுக்கொண்டே என்ர ஒரு காலை எடுத்து ஒரு கொப்பில வைக்கிறான், மற்றக் காலை எடுத்து மற்றக் கொப்பில வைக்கிறான். அடிமரத்துக்கு வந்தாப்போல என்னைக் கூடையோட தன்ர முதுகில ஏத்திக்கொண்டு இறங்கிட்டான். நான் முதலாளிமார் ஏறினால் எப்பிடி ஓட்டுவன் எண்ட இடத்துக்கு வரேக்க கால் நிலத்தில பட்டிட்டுது. கூடைக்குள்ள அந்த ஒரு அப்பிளும் அப்பிடியே கிடந்தது.

ஸமீமாவின்ர தங்கச்சி ஒண்டையும் விடாமல் எடுத்திருக்கிறா. அதை வெட்டாமல் அப்பிடியே அனுப்பியும் போட்டா. கொஞ்ச நாளால முதலாளியின்ர பதில் வந்தது. ஸமீமா அதை எனக்கு வாசிச்சுக் காட்டக் கூச்சப்பட்டா. நான்தான் வற்புறுத்திக் கேட்டன். மேலே இருப்பவர் வேண்டாம், அவரைச் சுமந்துகொண்டு இறங்குகிறவரை அனுப்புங்கள் எண்டு எழுதியிருந்தது.

உங்களுக்கு இது இன்னும் எட்டியிருக்காது எண்டு நினைக்கிறன். அவர் தோட்டம் மலையில, நீங்கள் பட்டினத்தில. சீமாட்டிக்கு ஆராவது போனில சொல்லியிருந்தாலும் அவவுக்குக் காது கேளாது.

அண்டைக்கு எனக்கு வருத்தம் இருக்கேல்ல எண்டு பொய் எழுதமாட்டன். நீங்கள் எவ்வளவு பேரிட்டைத் தலை குனிஞ்சு கேட்டிருப்பீங்கள் எண்டுதான் மனம் அடிச்சுக்கொண்டது. அடுத்த நாள் பின்னேரம் அழகுமுத்து எங்கட வீட்டுக்கு வந்தான், கையில ஒரு சீப்பு வாழைப்பழத்தோட. இருக்கச் சொன்னால் இருக்கிறான் இல்லை.

‘அண்ணே, அது ஒங்க எடம். ஒங்க அக்கா ஒங்களுக்குன்னு புடிச்சுக் குடுத்தது. நான் போவல. அந்த ஸமீமா அக்காகிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன்’ எண்டான்.

மாக்ரெட் குசினியால வந்து என்னைப் பாத்தா. நான் என்ன சொல்லப்போறன் எண்டு அவவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் அவன்ர பிள்ளைகளைப் பற்றிக் கேட்டன். மூத்தது பள்ளிக்கூடத்துக்கு மலை இறங்கிப் போகுதாம், லயத்துக் கூரை ஒழுகுதாம், வெளியில போய் உழைச்சால் ரவுணுக்குக் கிட்ட ஒரு துண்டு காணி எடுக்கலாம் எண்டு பெண்சாதி நினைக்கிறாவாம். போகாட்டில் என்ன செய்வாய் எண்டு கேட்டன். ஒண்டும் இல்லை, இப்ப செய்யிற மாதிரியே இருப்பன் எண்டான். அதைச் சொல்லேக்க அவன் என்ர முகத்தைப் பாக்கேல்ல, வாழைப்பழத்தைப் பாத்தான்.

நான் அவனுக்குச் சொன்னன், ‘தம்பி, எங்கட அக்கா பிடிச்சது மரத்தில ஏறுற ஒரு ஆளுக்கு வேலை. அந்த ஆள் நான் இல்லை எண்டு அண்டைக்கு ஊரே பாத்தது. நீ போ. அக்காவுக்கு நான் எழுதுறன்.’

அதைக் கேட்ட பிறகுதான் அவன் இருந்தான். மாக்ரெட் தேத்தண்ணி ஊத்தினா. குடிச்சு முடிச்சுப்போட்டு எழும்பேக்கதான், அப்ப நான் செய்யிற வேலைய நீங்க எடுத்துக்குங்கண்ணே எண்டான். என்ன வேலை எண்டு அப்பதான் கேட்டன். வெள்ளவத்தையில அந்த மாடி வீட்டுக்கு வெளிப்பக்கமாய், இரும்புக் கம்பத்தில ஏறி இறங்கிற கூடு ஒண்டு இருக்கு, ஆக்களையும் சீமெந்தையும் கொண்டு போறது. ஹொயிஸ்ட் எண்டு சொல்லுவினம். அவன் அதை ஓட்டுறவன், அக்கா! மரத்தில வைச்சு லிப்ட் எப்பிடி நிப்பாட்டுறது எண்டு என்னட்டைக் கேட்டவன், தானும் லிப்ட் ஓட்டுறவன். தெரியாத மாதிரிக் கேட்டிருக்கிறான்.

மாக்ரெட் சுவரைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா. மாமரத்தில நிக்க ஏலாத மனுசன், கம்பிக் கூட்டுக்குள்ள அந்தரத்தில நிக்கப்போறாரோ எண்டு கேட்டா. நியாயமான கேள்வி. அந்தக் கூடு நாலு பக்கமும் கம்பி வலை, கடல் தெரியும், ரயில் தெரியும், காலி வீதியில போற பஸ் தீப்பெட்டி மாதிரித் தெரியும். முதல் நாள் நான் பொத்தான் பலகைக்கு முகத்தைக் குடுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாமல், சாமி கும்பிடுற மாதிரி நிண்டன். சுப்பவைசர் என்ன அய்யே, கழுத்து நோவோ எண்டு சிங்களத்தில கேட்டார். ஓம் எண்டன். அழகுமுத்து கொஞ்ச நாள் பக்கத்தில நிண்டு பழக்கினான். வெளிய பாக்காதீங்கண்ணே, ஏறுற ஆளுங்க மூஞ்சியப் பாருங்க எண்டு சொல்லித் தந்தான். அது எனக்குப் பழகின வேலைதானே. இப்ப பயம் போச்சு எண்டு சொல்லமாட்டன், ஆனால் வேலை நேரத்தில வாறதில்லை. காத்தடிக்கிற நாளில மட்டும் வந்து எட்டிப் பாத்திட்டுப் போகும்.

இனி நான் உங்களுக்குச் சொல்ல விரும்பினது. அந்தக் கூட்டுக்குள்ள காலையில ஏறுற சனத்தை நீங்கள் ஒருக்கால் பாக்கவேணும். பங்களாதேஷ்காரர் இருக்கினம், ஆந்திராப் பக்கத்து ஆக்கள் இருக்கினம், நேப்பாளத்து ஆக்கள் இருக்கினம். எங்கட இளம் ஆக்கள் எங்க எண்டு சுப்பவைசரிட்டைக் கேட்டன். மல்லிமார், அதாவது தம்பிமார், எல்லாம் கொரியா, கட்டார், மிச்சம் த்ரீவீல் எண்டார். அப்ப இந்த இடம் வெறுமையாய்ப் போச்சு, அதுக்கு இவங்கள் வந்திருக்கிறாங்கள். எங்கட தெருவில த்ரீவீல் ஓட்டுற ஒருத்தன், அங்கிள், இவங்கள் எங்கட வேலையைப் பறிக்க வந்தவங்கள் எண்டு கத்தினான். தம்பி, அந்த வேலைக்கு நீ போவியோ எண்டு கேட்டன். தான் ருமேனியாவுக்குப் போட்டிருக்கிறானாம். வேற கதை கதைச்சம்.

வங்காளத்து ஆள் ஒருத்தர், என்ர வயதுதான் இருக்கும், கலவை போடுறவர். போனில தன்ர மகளின்ர படத்தைக் காட்டுவார். கையாலயும் பாதிச் சிங்களத்திலயும் சொன்னார், ஊரில சனம் அவர் பாரினில இருக்கிறார் எண்டு பெருமையாய்ச் சொல்லுமாம். பாரின் எண்டால் எங்கட வெள்ளவத்தை, அக்கா! பிரிட்ஜும் ரீவியும் கொண்டு வருவார் எண்டு அவங்கள் பாத்துக்கொண்டு இருக்கிறாங்களாம். அதைக் கேட்ட அண்டைக்கு நான் உங்களைத்தான் நினைச்சன். நீங்கள் போன புதுசில நாங்களும் இப்பிடித்தானே பெட்டி வரும் பெட்டி வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தம். அங்க நீங்கள் எந்தக் கூட்டுக்குள்ள நிண்டு மேல போய் வந்தீங்கள் எண்டு நாங்கள் ஒருநாளும் கேக்கேல்ல.

மேல எண்ட சொல் இப்ப எனக்குப் பல பாஷையில தெரியும். உடட, ஊப்பர், பைக்கி எண்டு ஒவ்வொருத்தனும் சொல்லித் தந்திட்டான். கீழ எண்ட சொல்லை ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. வேலை முடிஞ்சு வாறவனிட்டை எங்க போகவேணும் எண்டு கேக்கத் தேவையில்லை. மாக்ரெட் வெள்ளிக்கிழமையில பருப்பும் சோறும் கூடச் சமைச்சுத் தந்து விடுவா. ஒரு நேப்பாளத்துப் பிள்ளை அதைச் சாப்பிட்டுப்போட்டுத் தங்கட அம்மா மாதிரி எண்டானாம். மாக்ரெட்டுக்கு அது பெருமையோ கவலையோ எண்டு தெரியேல்ல, அண்டையில இருந்து தலைமயிருக்கு மை பூசுறா.

ஆகையால், அன்புள்ள அக்கா, நீங்கள் எனக்காகப் பிடித்த இடத்துக்கு நான் வரவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்ளுகிறேன். உங்கள் முயற்சியை வீணாக்கிவிட்டேன் என்று நினைத்து மனம் நோகவேண்டாம். அது வீணாகவில்லை. நீங்கள் ஒரு வேலை பிடித்தீர்கள், அதில் இரண்டு வேலை வந்தது. ஒன்று பதுளைக்குப் போனது, மற்றது கொட்டாஞ்சேனைக்கு வந்தது. உங்களைத் தவிர வேறொருவரால் இதைச் செய்திருக்க முடியாது. இருந்தாலும் உங்களிடம் கேளாமல் உங்கள் பரிசை இன்னொருவனுக்குக் கொடுத்ததற்காகத் தம்பியை மன்னிக்கவேண்டும். உங்களை அங்கே தனியே விட்டுவிட்டேனே என்பதற்காகவும் மன்னிக்கவேண்டும்.

அழகுமுத்து ஆவணிக் கடைசியில் வருகிறான். பாஷை தெரியாது, சோற்றுக்குப் பதில் பாண் பிடிக்காது. தோட்டத்துக்குப் போகமுன் ஒரு கிழமை மிலானில் நிற்பான். ரயிலடிக்குப் போய் அவனைக் கூட்டிவாருங்கள். கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுங்கள். அங்கே முருகன் கோயில் எங்கேயாவது இருந்தால் விசாரித்துச் சொல்லுங்கள், பூசைக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டாம். என்னை நினைத்து அவனைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் என்னைச் சுமந்தவன்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் உங்கள் பேருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். அந்தச் சீமாட்டிக்கும் ஒன்று கொளுத்தினேன், அவவும் எங்களுக்கு நல்லதுதான் செய்தா. தேவமாதா உங்கள் இருவருடைய முழங்காலையும் காப்பாற்றுவாவாக. மூத்தவ நீங்கள், உங்கள் ஆசீர்வாதத்தைத் தலை குனிந்து பெற்றுக்கொள்ளும்,

உங்கள் அன்புத் தம்பி,
இராஜநாயகம்.

பி.கு.: அக்கா, இதை ஒட்டி அடுத்த நாள் தபால் கந்தோருக்குக் கொண்டுபோக வெளிக்கிட்ட நேரம் மாக்ரெட் அழுதுகொண்டு வந்தா. நீங்கள் அவவுக்குப் போன் எடுத்தீங்களாம். அந்தச் சீமாட்டியைப் பிள்ளைகள் கன்னியாஸ்திரிகளின்ர முதியோர் இல்லத்தில விடப்போகினமாம், ஆவணியோட உங்களுக்கு வேலை முடியுதாம், வேற வீடு கேட்டுத் திரிஞ்சால் எல்லாரும் வயது குறைஞ்ச ஆக்களைத்தான் தேடுகினமாம். ‘அவனுக்குச் சொல்லாதை மாக்ரெட், என்னை நம்பி வெளிக்கிடுறான், நான் இங்க இருக்கமாட்டன் எண்டு தெரிஞ்சால் வரமாட்டான்’ எண்டு சொல்லி அழுதீங்களாம். மாக்ரெட் போனை வைச்ச கையோட எனக்குச் சொல்லிப்போட்டா, அவவைக் கோவிக்காதேங்கோ.

மேல நான் கேட்ட மன்னிப்பு எல்லாத்தையும் வெட்டி விடுங்கோ. நீங்கள் எனக்குச் சொல்லப் பயந்து, நான் உங்களுக்குச் சொல்லப் பயந்து, எவ்வளவு நாளை வீணாக்கிப்போட்டம். வேலை தேடி அங்க அலையவேண்டாம், வாங்கோ. முன்னறையை மாக்ரெட் இப்பவே கூட்டத் தொடங்கிட்டா, ஈரக்கறையை நான் சுண்ணாம்பு அடிச்சு மறைக்கிறன். எயார்போட்டுக்கு நானே வருவன், லீவுக்குச் சொல்லியாச்சு. அழகுமுத்து வாற கிழமையும் நீங்கள் வெளிக்கிடுற கிழமையும் ஒண்டாய்த்தான் வரும் போல. அந்த நாலைஞ்சு நாளுக்குள்ள அவனுக்குக் கடை எங்க, பஸ் எங்க, காய்ச்சல் வருத்தம் வந்தால் ஆரைக் கேக்கிறது எண்டு காட்டிவிடுங்கோ. உங்கட கம்பளிப் போர்வையையும் அவனிட்டைக் குடுத்திட்டு வாங்கோ. கொட்டாஞ்சேனையில அது உங்களுக்குத் தேவைப்படாது.